டிக்கெட்டைக் கட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள்: ஜார்ஜியாவில் கார் ஓட்டும் தமிழ்ச் சொந்தங்களுக்கு ஒரு திறந்த மடல்

அட்லாண்டாவிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் குடியிருக்கும் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம்.

நீண்ட வார இறுதி வந்தால் நாம் எல்லோரும் கிளம்பிவிடுகிறோம். சவானா, ஜெகில் தீவு, ஆர்லாண்டோ, இல்லையென்றால் அந்தப் பக்கம் மெம்ஃபிஸ். பின் சீட்டில் பிள்ளைகள், டிக்கியில் புளியோதரைத் தூக்கு, பக்கத்தில் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அல்லது அம்மா. ஐ-75, ஐ-16 என்று பெரிய சாலையிலேயே போகும்வரை கவலையில்லை. முன்னால் விபத்து, அரை மணி நேரம் மிச்சமாகும் என்று ஜி.பி.எஸ் நம்மை ஒரு மாநிலச் சாலைக்குத் திருப்பிவிடும். நான் எழுத வந்தது அந்தச் சாலைகளில் இருக்கும் சிற்றூர்களைப் பற்றி, அங்கே வேகமாகப் போனதற்கு போலீசார் நம் கையில் கொடுக்கும் அபராத டிக்கெட்டைப் பற்றி, அதை வாங்கிக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றி.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கு நடந்தது. தென் ஜார்ஜியாவில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். இருபுறமும் பைன் மரங்கள், நடுநடுவே பருத்தி வயல். பலகையில் வேக வரம்பு 55 மைல். பிறகு 45. வளைவு திரும்பியதும் 35. நான் பிரேக்கில் கால் வைக்கும்போதே கண்ணாடியில் நீல விளக்கு தெரிந்துவிட்டது. 35இல் 51 என்று எழுதிக் கொடுத்தார் அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினார். நான் வேகமாகப் போனது உண்மை, அதில் எனக்கு மறுப்பு இல்லை.

அப்பா முன் சீட்டில் இருந்தார். "ஏம்ப்பா, ஏதாவது பேசி முடிச்சுடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். "சும்மா இருங்கப்பா, இங்க அப்படிக் கேட்டாலே உள்ள போட்டுடுவாங்க" என்றேன். அன்று ராத்திரி ஓட்டல் அறையில் உட்கார்ந்து கார்டைப் போட்டுப் பணத்தைக் கட்டினேன். இருநூற்றுச் சொச்சம் டாலர். விட்டது தொல்லை என்று தூங்கிவிட்டேன்.

அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பேரூராட்சியில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, வாரச்சந்தைக் குத்தகை என்று ஒவ்வொரு வரவையும் தனித்தனித் தலைப்பில் எழுதி எழுதியே முப்பது வருடத்தை ஓட்டியவர். மறுநாள் காலை காபி குடிக்கும்போது கேட்டார்: "நீ கட்டுன காசு யாருக்குப் போவுது? மாநிலத்துக்கா, அந்த ஊருக்கா? எந்தத் தலைப்புல வரவு வைப்பாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த நாட்டுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகியும் அதை நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை. அன்றிலிருந்து தேடித் தேடிப் படித்ததைத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

இது பழைய கதை. இன்டர்ஸ்டேட் சாலைகள் வருவதற்கு முன்னால் வடக்கேயிருந்து ஃபுளோரிடா போகிறவர்களில் பலர் யு.எஸ். 301 சாலையில், நம் ஜார்ஜியாவின் லுடோவிசி என்ற சிற்றூரைத் தாண்டித்தான் போவார்கள். அங்கே மாட்டாமல் போனவர்கள் குறைவு. கடைசியில் 1970இல் மாநில ஆளுநர் லெஸ்டர் மேடக்ஸே, இந்த ஊரில் ஜாக்கிரதை என்று பயணிகளை எச்சரித்துச் சாலையோரத்தில் பெரிய விளம்பரப் பலகை வைத்தார். தன் மாநிலத்து ஊர் ஒன்றைப் பற்றி ஆளுநரே அப்படிப் பலகை வைக்கும் நிலை என்றால், நிலைமை எந்த அளவுக்குப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதே யு.எஸ். 301 சாலை ஃபுளோரிடாவுக்குள் போனதும் லாட்டி, ஹாம்ப்டன், வால்டோ என்று வரிசையாக ஊர்கள். ஜாக்சன்வில்லிலிருந்து ஒக்காலா, டாம்பா பக்கம் போகிற நம் ஆட்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியும். லாட்டியையும் வால்டோவையும் 'டிராஃபிக் டிராப்', அதாவது வண்டிக்காரர்களை மாட்டவைக்கும் பொறி, என்று டிரிப்பிள் ஏ என்கிற கார் ஓட்டுநர் சங்கமே வெளிப்படையாக அறிவித்து, 1990களில் பலகையும் வைத்தது. வால்டோவில் சுமார் ஆயிரம் பேர்தான். ஏழு போலீஸ்காரர்கள் ஒரே வருடத்தில் ஏறக்குறைய 12,000 டிக்கெட் எழுதினார்கள்; ஊருக்கு வந்தது 4,00,000 டாலருக்கு மேல். ஒரு ஷிஃப்ட்டுக்கு இத்தனை எழுத வேண்டும் என்று மேலிடம் கணக்கு வைத்து விரட்டுகிறது என்று அந்த அதிகாரிகளே நகர மன்றத்தில் எழுந்து நின்று சொன்னார்கள். 2014இல் அந்த ஊரின் போலீஸ் துறையே கலைக்கப்பட்டது. மறு வருடம், அப்படி எண்ணிக்கை வைப்பதையே ஃபுளோரிடா சட்டம் போட்டுத் தடுத்தது. அந்த அதிகாரிகளை நான் மரியாதையோடு நினைத்துப் பார்க்கிறேன். தங்கள் வேலை போகும் என்று தெரிந்தேதான் பேசியிருப்பார்கள்.

ஹாம்ப்டன் கதை இதைவிட மோசம். 477 பேர் வாழ்கிற ஊர். நெடுஞ்சாலை ஊருக்குள் வரவில்லை என்பதால், சாலையில் 1,260 அடி நீளத்தை மட்டும் ஊர் எல்லையோடு சேர்த்துக்கொண்டார்கள். நம் ஊர்க் கணக்கில் அரை கிலோமீட்டர்கூட இல்லை. அந்தத் துண்டுச் சாலையில் 2011, 2012 ஆகிய இரண்டு வருடங்களில் 12,698 டிக்கெட். ஊரையே கலைத்துவிடலாமா என்று மாநில சட்டமன்றம் யோசிக்கும் அளவுக்குப் போனது. போலீசையும் அந்தச் சாலைத் துண்டையும் கைவிட்டுத்தான் ஊர் தப்பித்தது.

பழசு என்று விட்டுவிட வேண்டாம். நாம் மெம்ஃபிஸ் போகும்போது பர்மிங்ஹாமைத் தாண்டி ஐ-22இல் ஏறுகிறோமே, அங்கே புரூக்சைடு என்று ஓர் ஊர். 1,253 பேர். 2018க்கும் 2020க்கும் இடையில் அபராத, பறிமுதல் வருமானம் 640 விழுக்காடு ஏறி, ஊர் வருமானத்தில் பாதியாகிவிட்டது. 2018இல் 50 வண்டிகளை இழுத்துக்கொண்டு போனவர்கள் 2020இல் 789 வண்டிகளை இழுத்துப் போயிருக்கிறார்கள். அலபாமா பத்திரிகையாளர்கள் 2022இல் இதை வெளிக்கொண்டு வந்ததும் போலீஸ் தலைவர் விலகினார். டிராஃபிக் அபராதத்தில் ஊர்கள் வைத்துக்கொள்ளக்கூடிய பங்குக்கு அந்த மாநிலம் அதே வருடம் உச்சவரம்பு வைத்தது. அந்தச் செய்திகளுக்கு மறு வருடம் புலிட்சர் பரிசு கிடைத்தது. யாரோ ஒருவர் ஊரின் கணக்குப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்ததால் நடந்தது இத்தனையும்.

அப்பாவிடம் இதையெல்லாம் ஃபோனில் சொன்னேன். "வரவுல பாதி ஒரே தலைப்புல வந்துச்சுன்னா அப்புறம் ஊருக்கு அதுதான் தொழில். அடுத்த வருஷ பட்ஜெட்டுல அந்தத் தொகையை முன்கூட்டியே எழுதிடுவாங்க. எழுதிட்டா வசூல் பண்ணித்தானே ஆகணும்" என்றார். மிசூரி மாநிலத்து ஃபெர்குசன் நகரைப் பற்றி அமெரிக்க நீதித்துறை 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின் சாரமும் ஏறக்குறைய இதுதான். மொத்தம் 13.26 மில்லியன் டாலர் பொதுநிதியில் 3.09 மில்லியன் டாலர் அபராதமாகவும் கட்டணமாகவும் வரும் என்று முன்னாலேயே பட்ஜெட் போட்டிருந்தார்கள். பேரூராட்சி எழுத்தர் ஒருவருக்கு இது புரிய அறிக்கை தேவைப்படவில்லை.

வெளியூர்க்காரரை ஏன் பிடிக்கிறார்கள் என்பதும் இங்கேதான் இருக்கிறது. உள்ளூர்க்காரர் மேயருக்கு ஓட்டுப் போடுகிறவர். அவருக்குப் பத்து டிக்கெட் கொடுத்தால் அடுத்த தேர்தலில் தெரிந்துவிடும். நமக்கு அங்கே ஓட்டு இல்லை. இருநூறு மைல் திரும்பி வந்து கோர்ட்டில் நிற்கப்போவதும் இல்லை. மாசச்சூசெட்ஸில் 2001இல் எழுதப்பட்ட பல்லாயிரம் டிக்கெட்டுகளை எடுத்து இரண்டு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். வெளியூர்க்காரருக்கு வெறும் எச்சரிக்கையோடு விடாமல் அபராதம் எழுதும் வாய்ப்பு அதிகம் என்பதும், ஊருக்குப் பணமுடை இருந்தால் அது இன்னும் கூடுகிறது என்பதும் தெரியவந்தது. அங்கே சட்டத்தை மீறியவர் யாரும் நிரபராதி இல்லை. ஆனால் ஒரே தவறுக்கு ஒருவருக்கு அறிவுரையும் இன்னொருவருக்குப் பில்லும் கிடைக்கிறது.

உங்களில் சிலர் என்னிடம் நேரிலேயே கேட்டிருக்கிறீர்கள்: "ஸ்பீடா போனா டிக்கெட் குடுக்கத்தானே செய்வாங்க, இதுல என்ன அநியாயம்?" கேள்வி நியாயமானது. 2022இல் மட்டும் இந்த நாட்டுச் சாலைகளில் 42,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் ஏறக்குறைய 29 விழுக்காடு வேகத்தோடு தொடர்புடைய சாவு. பள்ளி வாசலில் 25 என்றால் 25தான். அங்கே பிடித்தால் அந்த அதிகாரிக்கு நன்றி சொல்ல வேண்டும். என் மகள் சாலையைக் கடக்கிற இடத்தில் யாரும் 40இல் வருவதை நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். வேகத்தைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், போலீஸ் வண்டியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சாலையோரத்தில் நிறுத்தினாலே போதும், அத்தனை பேரும் தானாகக் குறைப்பார்கள். மறைவில் நிறுத்தி, பலகை மாறுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே காத்திருப்பது வேறு நோக்கம்.

நம் ஜார்ஜியா சட்டமே இதைப் புரிந்துவைத்திருக்கிறது. இதைத்தான் நம்மில் பெரும்பாலானவர்கள் அறியாமல் இருக்கிறோம். ரேடார், லேசர் வைத்துப் பிடிக்கும் நகர, கவுன்ட்டி போலீசார், பலகையில் போட்டதற்கு மேல் பத்து மைலைத் தாண்டினால்தான் வழக்குப் போடலாம். பள்ளிப் பகுதி, குடியிருப்புப் பகுதி போன்ற சில இடங்களுக்கு இது பொருந்தாது, மாநில ரோந்துப் போலீசுக்கும் பொருந்தாது. நின்றபடி ரேடார் பிடிக்கும் வண்டி, வருகிறவர்களுக்குக் குறைந்தது 500 அடி தொலைவிலிருந்தே தெரிய வேண்டும். நகர எல்லைக்குள் வேகம் குறையும் பலகையிலிருந்து 300 அடிக்குள், எல்லைக்கு வெளியே என்றால் 600 அடிக்குள், ரேடாரில் எடுத்த அளவு சாட்சியாகச் செல்லாது. ஏழு விழுக்காட்டுக்கு மேல் சரிவான சாலையிலும் பொதுவாகச் செல்லாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு போலீஸ் துறையின் பட்ஜெட்டில் 35 விழுக்காடோ அதற்கு மேலோ வேக அபராதத்தால் வருகிறது என்றால், அவர்கள் ரேடாரைப் பாதுகாப்புக்காகப் பயன்படுத்தவில்லை என்று சட்டம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு. நல்ல சட்டம்தான். ஆனால் அதில் ஓர் ஓட்டை. 20 மைலுக்கு மேல் மீறியவர்களின் அபராதம் இந்தக் கணக்கில் சேராது. நூறு மைலில் பறக்கிறவர்களை நினைத்து அப்படி எழுதியிருக்கலாம். 55இலிருந்து 35க்கு இறங்குகிற சாலையை நினைத்துப் பாருங்கள். பலகையைக் கவனிக்காமல் பழைய வேகத்திலேயே, 56இல் வருகிறவர் 21 மைல் மீறியவர் ஆகிவிடுகிறார். வேகம் திடீரென்று இறங்குகிற ஊரில்தான் அபராதப் பணத்தின் பெரும்பகுதி கணக்கில் வராமல் போகும். நம் தொகுதி மாநில சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்து நாம் பேச வேண்டியது இந்த ஒரு வரியைப் பற்றி. நம்மில் எத்தனையோ பேர் இப்போது குடியுரிமை பெற்று ஓட்டுப் போடுகிறோம். அந்தச் சிற்றூரில் இல்லாத ஓட்டு, அட்லாண்டாவில் மாநில சட்டமன்றத்துக்கு நமக்கு இருக்கிறது.

சரி, போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். நண்பர் ஒருவரின் அக்கா மகன், எஃப்-1 விசாவில் படிக்கிற பையன், அதே ஊரில் மாட்டினான். எனக்கு ஃபோன் செய்தபோது குரல் நடுங்கியது. "அங்கிள், விசா போயிடுமா? நாடு கடத்திடுவாங்களா?" என்று கேட்டான். அவன் அறையில் இருந்த பையன்கள் எல்லோரும், பேசாமல் பணத்தைக் கட்டிவிடு, கோர்ட் பக்கமே போகாதே என்று சொல்லியிருக்கிறார்கள். நாமும் அவர்களுக்கு அதைத்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டோம். ஜார்ஜியாவில் ஸ்பீடிங் என்பது சட்டப்படி மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம். ஆன்லைனில் பணம் கட்டுவது, குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் பதிவாகும். 15 மைலோ அதற்கு மேலோ மீறினால் லைசென்ஸில் பாயின்ட் என்கிற தவறுக் கணக்கு ஏறும், இன்ஷூரன்ஸும் ஏறும். கோர்ட் தேதிக்குப் போகாமல் விட்டாலோ அது இன்னும் பெரிய தொல்லை: லைசென்ஸ் முடக்கப்படும், வாரன்ட் வரக்கூடும். ஒரு சாதாரண ஸ்பீடிங் டிக்கெட் விசாவைப் பறிக்காது என்று அவர் தெளிவாகச் சொன்ன பிறகுதான் பையனுக்கு மூச்சு வந்தது.

கோர்ட்டுக்கு நானும் கூடப் போனேன். நகர அலுவலகத்தின் பின்கட்டில் ஒரு கூடம், அவ்வளவுதான். வெளியே நின்ற கார்களின் நம்பர் பிளேட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஃபுளோரிடா, சவுத் கரோலினா, டென்னசி. ஜார்ஜியா வண்டிகளிலும் பிளேட்டின் கீழே வேறு வேறு கவுன்ட்டிப் பெயர்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி வந்தவர்கள். ஒரு பெண்மணி நர்ஸ் சீருடையோடு நேராக வேலையிலிருந்து வந்திருந்தார். ஒரு நாள் சம்பளம் போச்சு என்றார். நீதிபதி நல்லவராகத்தான் தெரிந்தார். அவரை நியமிப்பது அதே ஊரின் நகர மன்றம்.

1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வார்டு எதிர் மன்ரோவில் என்று ஒரு வழக்கு. ஒஹாயோ மாநிலத்தில் மன்ரோவில் என்ற சிற்றூரில் மேயரே உட்கார்ந்து டிராஃபிக் வழக்கு விசாரிப்பார். 1964இல் ஊரின் மொத்த வருமானம் 46,355 டாலர். அதில் 23,589 டாலர் மேயர் கோர்ட்டிலிருந்து வந்தது. ஊரின் வரவு செலவுக்குப் பொறுப்பான ஆளே தீர்ப்புச் சொன்னால் அது நடுநிலையான விசாரணை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. தலா 50 டாலர் அபராதம் போடப்பட்ட இரண்டு சின்னக் குற்றங்களுக்காக ஒருவர் அவ்வளவு தூரம் போயிருக்கிறார். கட்டிவிட்டுப் போயிருந்தால் அந்தத் தீர்ப்பே வந்திருக்காது.

பையனின் வழக்கில், அதிகாரியின் வண்டி நின்ற இடத்துக்கும் பலகைக்கும் எவ்வளவு தூரம் என்று வழக்கறிஞர் கேட்டார். ரேடார் சோதனைப் பதிவையும் கேட்டார். அரசு வழக்கறிஞர் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துவிட்டு, பாயின்ட் இல்லாத சின்னக் குற்றமாகக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார். பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன், பணம் கொஞ்சம் கட்டத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அன்று அந்தக் கூடத்தில் தூரத்தைப் பற்றி வேறு யாருமே கேட்கவில்லை. எங்கள் பின்னால் நின்றவர் என்னிடம் வந்து, "அப்படிக் கேட்கலாமா?" என்றார்.

கேட்கலாம். அதனால்தான் இந்த மடல். அடுத்த முறை நீல விளக்கு தெரிந்தால் பதற்றப்படாமல் ஓரமாக நிறுத்துங்கள், இரண்டு கைகளும் ஸ்டியரிங் மேல் தெரியட்டும், மரியாதையாகப் பேசுங்கள். சாலையோரம் வாதாடுகிற இடமில்லை. கிளம்புவதற்கு முன், பலகை எங்கே இருந்தது, வண்டி எங்கே நின்றது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டுக்கு வந்ததும் கட்டு என்கிற பட்டனை அழுத்துவதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள். கோர்ட் தேதிக்குள் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். ஜூரி விசாரணை கேட்டால் வழக்கு ஊர்க் கோர்ட்டிலிருந்து மேல் கோர்ட்டுக்குப் போகும். அது உங்கள் உரிமை. எச்-1பியில் இருப்பவர்கள், கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்கள் பயத்தினால் அவசரப்பட்டுக் கட்டுகிறீர்கள். அந்தப் பயம் எனக்கும் பத்து வருடம் இருந்தது. அதை நான் அறிவேன்.

அப்புறம், அந்த ஊரின் கணக்கைப் பாருங்கள். ஜார்ஜியா ஊர்களின் பட்ஜெட்டும் தணிக்கை அறிக்கையும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கார்ல் வின்சன் நிறுவனத் தளத்தில் கிடைக்கும். 'ஃபைன்ஸ் அண்ட் ஃபோர்ஃபீச்சர்ஸ்', அதாவது அபராதமும் பறிமுதலும், என்ற தலைப்பைத் தேடுங்கள். கிடைக்காதது எதையும், அரசு ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்டுப் பெற வழிசெய்யும் ஓப்பன் ரெக்கார்ட்ஸ் சட்டத்தின்படி எழுதிக் கேட்கலாம். மூன்று வேலை நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். எனக்கு டிக்கெட் கொடுத்த ஊரின் அறிக்கையை நான் எடுத்துப் பார்த்தேன். சொத்து வரியைவிட அபராத வரவு பெரிய எண்ணாக இருந்தது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

அந்த ஊர் மக்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆலை மூடிப் போய், கடைகள் போய், பிள்ளைகளும் வெளியூர் போய்விட்ட ஊர். தண்ணீர்க் குழாய்க்கும் தீயணைப்பு வண்டிக்கும் பணம் வேண்டும். அதை மாநிலத்திடம் கேட்க வேண்டும், நாமும் அவர்களோடு சேர்ந்து கேட்கத் தயார். வழிப்போக்கர் சட்டைப்பையிலிருந்து ஊர் எடுத்துக்கொண்டே இருக்கும்வரை மாநிலமும் அந்த ஊரைத் திரும்பிப் பார்க்கப்போவதில்லை.

அந்த ஊரில் மாதாமாதம் இரண்டாவது செவ்வாய் மாலை நகர மன்றக் கூட்டம். பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் தருகிறார்கள், வெளியூர்க்காரரும் பெயர் எழுதிக் கொடுக்கலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அடுத்த மாதம் நான் போகிறேன். வேகம் இறங்குகிற இடத்தில் இன்னொரு முன்னறிவிப்புப் பலகை வையுங்கள், போலீஸ் வண்டியைத் திறந்த இடத்தில் நிறுத்துங்கள் என்று கேட்கப் போகிறேன். மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். காரில் மூன்று இடம் காலியாக இருக்கிறது. வருகிறவர்கள் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகலாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
வட அட்லாண்டா